சாயாத வண்டியின் உதறல்

சைடுகார் பூட்டிய மோட்டார்சைக்கிளில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வண்டி கிளம்பி மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தொடும்போது ஹேண்டில்பார் இடமும் வலமுமாக உதறும். வேகம் கூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேகம் குறைந்தால் திரும்ப வரும். இங்கிலாந்தில் டபிள்யூ. ஜே. கிரஹாம் சைடுகாருக்குக் காப்புரிமை பெற்றது 1903-இல். அதன் பிறகு முன்ஃபோர்க்கில் வந்த சில முக்கிய மாற்றங்களுக்கு இந்த உதறலும், அதோடு சேர்ந்தே வரும் கனத்த ஸ்டியரிங்கும்தான் காரணம்.

இருசக்கர வண்டி சாய்ந்து திரும்பும். ஸ்டியரிங் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் முன்டயர் தரையில் பதியும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். சக்கரத்தை நேராக இழுத்து நிறுத்துவது அதுதான். பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தைப் பூட்டிவிட்டால் சாய்வுக்கு இடமில்லை. வளைவில் சக்கரத்தைத் திருப்பும் பாரமெல்லாம் ஓட்டுபவரின் தோளில் இறங்கும். நேர்ச்சாலையிலோ, மருத்துவமனைத் தள்ளுவண்டியின் முன்சக்கரம் ஆடுவதுபோல் ஆடத் தொடங்கும்.

ட்ரெயிலைக் குறைத்தால் கை இலகுவாகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சைடுகாரைக் கழற்றிவிட்டுத் தனி வண்டியாக ஓட்ட நினைப்பவருக்குப் பழைய ட்ரெயில் வேண்டுமே! இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் இருந்த வின்சென்ட் மோட்டார்சைக்கிள் நிறுவனம் 1940-களின் இறுதியில் கொண்டுவந்த கிர்ட்ராலிக் ஃபோர்க்கில் அதற்கு வழி செய்தது. மையம் விலகிய ஒரு துண்டைத் திருப்பினால் போதும்: ட்ரெயில் குறையும், ஸ்பிரிங்கும் இறுகும். இரண்டு வேலைக்கும் ஒரே திருப்பம். அந்தக் காலத்துப் பொறியியலில் இதைவிட அழகான தீர்வு அரிது.

ஆங்கிலேயரான எர்னஸ்ட் ஏர்ல்ஸ் வடிவமைத்த ஃபோர்க்கை ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 1955 முதல் 1969 வரை பயன்படுத்தியது. முன்சக்கரத்தைத் தாங்கும் கை, ஃபோர்க்கின் அடியில் ஒரு போல்ட்டில் தொங்கும். அந்த போல்ட்டுக்கு இரண்டு துளைகள். பின்துளை தனி வண்டிக்கு, முன்துளை சைடுகாருக்கு. முன்துளையில் மாட்டினால் சக்கரம் முன்னே நகர்ந்து ட்ரெயில் சுருங்கும்.

இவ்வளவு செய்தும் உதறல் முழுதாகப் போய்விடவில்லை. அதற்காகவே ஸ்டியரிங் தலையில் ஆட்டத்தை அடக்கும், திருகு வைத்த உராய்வு டேம்பர் இருந்தது. பிறகு எண்ணெய் டேம்பர் வந்தது. திருகை இறுக்கினால் ஆட்டம் நிற்கும், காரணம் மட்டும் உள்ளேயே இருக்கும். டேம்பரில் முதலில் கை வைப்பது ஆபத்தான பழக்கம்.

முதலில் பார்க்க வேண்டியது டயர்: காற்றழுத்தம், ஒருபக்கத் தேய்மானம். அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். 'டொக்' என்றால் கோன் செட், அதாவது ஸ்டியரிங் தலையின் பேரிங், தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் சிக்கினால், குண்டுகள் உருளும் ரேஸில் பள்ளம் விழுந்துவிட்டது. நேராக ஓடும்போது பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில்தான் இடிபடும், பள்ளம் அங்கேதான் விழும். பிறகு வீல் பேரிங், ஸ்போக், சைடுகாரைப் பிடித்திருக்கும் கிளாம்புகள். இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் மற்ற அளவுகளுக்குப் பொருளில்லை.

இவையெல்லாம் சரியென்றால்தான் டோ-இன். வண்டிச் சக்கரங்களை ஒட்டி ஒரு நேரான பலகை, சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் பின்னால் இருப்பதைவிட முன்னால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை குறைவாக இருப்பது வழக்கம். வண்டியும் சைடுகாருக்கு எதிர்ப்புறம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். கடைசியில்தான் டேம்பர்.

1950-களின் பிரிட்டனில் இது சாதாரணக் குடும்பங்களுக்கும் தேவைப்பட்ட அறிவு. கார் வாங்க முடியாத தொழிலாளி, மனைவி மக்களைச் சைடுகாரில்தான் கடற்கரைக்கு அழைத்துப் போனார். சாலையில் பழுதான வண்டிகளுக்கு உதவும் ஆட்டோமொபைல் அசோசியேஷனின் ரோந்துக்காரர்களும் சைடுகார் பூட்டிய மஞ்சள் நிற பிஎஸ்ஏ எம்21 வண்டிகளில் கருவிப்பெட்டியோடு சாலை சாலையாகச் சுற்றினார்கள். 1959-இல் 500 பவுண்டுக்குள் மினி கார் வந்தது; குடும்பங்கள் அதற்கு மாறின. சைடுகார் சந்தை சில ஆண்டுகளிலேயே சரிந்தது.

ஆனாலும் ரஷ்யாவின் இர்பிட் நகரில் பிறந்த யூரல் என்ற சைடுகார் வண்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2022-இல் அதன் உற்பத்தி கஜகஸ்தானுக்கு இடம் மாறியது. சைடுகாருக்கென்றே அமைத்த முன்ஃபோர்க் அதற்கு உண்டு. ஸ்டியரிங் டேம்பரும் கூடவே வருகிறது.