மலையில் பெய்த மழை, கடலில் திறந்த துறை: மூணாறும் கொச்சியும்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகளில் மிளகு, ஏலம், தேயிலை ஆகியவற்றின் மணம் இன்றும் தங்கியிருக்கிறது. அச்சரக்குகளை அனுப்பிய மலையின் பேரிடர் வரலாறு, கொச்சியின் வணிக வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படுவது அரிது. மூணாற்றில் நல்லதண்ணியும் குண்டளையாறும் கூடும் முதிரப்புழை பெரியாற்றில் கலக்கிறது. பெரியாற்றின் ஒரு கிளை கொச்சிக் காயலை அடைகிறது. ஆகவே இவ்விரு ஊர்களையும் ஒரே நீர்வழியின் இரு முனைகளாகக் கொள்ளலாம்.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் கடல்வாயைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. கொச்சியின் நினைவில் வெள்ளம் ஒரு தோற்றக்கதை.

மூணாற்றின் நினைவு வேறு. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், வந்த வெள்ளத்தைக் கேரளம் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே குறிக்கிறது. அதற்குமுன் மூணாற்றுத் தேயிலை கிழக்கு நோக்கியே சென்றது. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அதனை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. மண்சரிவும் வெள்ளமும் அந்த இரயிலை அழித்தன; அது மீண்டும் அமைக்கப்படவில்லை. ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி வழியே மலையேறிய பழைய சாலையும் சிதைந்தது.

அழிவுக்குப் பின் வணிகம் புதுவழி கண்டது. நேரியமங்கலம் வழியாக ஆலுவா–மூணாறு புதிய சாலை உருவாயிற்று. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. அக்காலத்திலேயே இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டு, 1928இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. 1947இல் கொச்சியில் தேயிலை ஏலமும் தொடங்கியது. தூத்துக்குடியை நோக்கியிருந்த மலை, மேற்கே கொச்சியை நோக்கித் திரும்பியது.

சாலையும் துறைமுகமும் புதுப்பிக்கப்பட்ட அளவுக்குத் தொழிலாளரின் குடியிருப்பு புதுப்பிக்கப்படவில்லை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து சென்றோர் தலைமுறை தலைமுறையாக வரிசை வீடுகளான லயங்களிலேயே வாழ்ந்தனர். 2020 ஆகஸ்டு 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் சரிந்த மலை அத்தகைய லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. இறந்தோர் பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தேயிலை ஒருகாலத்தில் இறங்கிச் சென்ற திசையிலிருந்தே அதைப் பறிக்கும் கைகள் மலையேறின.

பெருமழையும் செங்குத்தான சரிவும் மலையின் இயல்பு. ஆனால் ஓடைக்கு அருகில், சரிவின் அடியில் யார் உறங்குகிறார் என்பதை மழை தீர்மானிப்பதில்லை. நிலவுடைமையும் உழைப்பு முறையும் தீர்மானிக்கின்றன. ஒரு நூற்றாண்டின் பேரிடர் வரலாற்றை எழுதுவோர் அழிந்த இரயிலின் நீளத்தை அளப்பதோடு நிற்கலாகாது. லயம் எந்தச் சரிவில், எவ்வோடைக்கு எவ்வளவு அருகில் கட்டப்பட்டது என்பதையும் அளக்க வேண்டும். அந்த அளவை, அடுத்த மழைக்கு முன் தேவைப்படும் வரலாறு.