போர்க்கால பைலட்களின் நாற்றங்கால்... முன் சீட் காலியாகும் அந்த நாள்!

தஞ்சாவூர்க்காரர்களுக்கு சுகோய் விமானத்தின் சத்தம் புதுசு இல்லை. 2020 ஜனவரியில் சுகோய்-30 ஸ்குவாட்ரன் ஒன்று இங்கே வந்துவிட்டது. ஆனா, இந்த விமானதளம் இரண்டாம் உலகப்போர் காலத்தது என்பது தெரியுமா? ஜப்பானியர்களிடம் சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் அடிவாங்கிய பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்குவாட்ரன், 1942-ல் மறுபடி திரட்டப்பட்டது தஞ்சாவூரில்தான். வெலிங்டன் விமானங்களில் கிளம்பி, கிழக்குக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியது.

அப்போ, பறக்கவே தெரியாத இளைஞர்களுக்கும் இங்கேதான் சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை. டெல்டா பாஷையில் சொன்னால், தஞ்சாவூர் நடவு வயல். நாற்றங்கால் வேறு ஊர்களில் இருந்தது.

எங்கே இருந்தது?

1939-ல் போர் தொடங்கியபோது இந்திய விமானப்படையிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். போர் முடியும்போது 9. அத்தனைக்கும் பைலட் வேண்டுமே! அதற்காக ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் தொடக்கநிலைப் பறக்கும் பள்ளிகள் நடந்தன. இதே வேலையை கனடா இன்னும் பெரிதாகச் செய்தது. காமன்வெல்த் திட்டத்தில் அங்கே பயிற்சி பெற்ற விமானப் பணியாளர்கள் 1,30,000 பேருக்கும் மேல்.

எதில் கற்றார்கள்?

டைகர் மாத். இரண்டு அடுக்கு இறக்கை, 130 குதிரைத்திறன் இன்ஜின். இறக்கை மரச்சட்டத்தில் துணி போர்த்தியது. பிரேக் கிடையாது. முன்னால் உள்ள விசிறியைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கூரை இல்லாததால் காற்று முகத்தில் அறையும். முன் சீட்டில் ஆசிரியர், பின் சீட்டில் மாணவர். இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய், அவ்வளவுதான்.

எது பெரிய பரீட்சை?

தனியாகப் பறப்பது. ஆற்றில் நீச்சல் பழக்கும்போது, வயிற்றைத் தாங்கியிருக்கும் கையை அப்பா திடீரென எடுத்துவிடுவார் இல்லையா? அதே மாதிரிதான். சுமார் பத்து மணி நேரம் கூடவே பறந்த ஆசிரியர், ஒருநாள் இறங்கிக்கொள்வார். எதிரே முன் சீட் காலி. மேலே ஏறுவதைவிட, பத்திரமாகத் தரையிறங்குவதுதான் கஷ்டம். ஆசிரியருக்கு நம்பிக்கை வராத மாணவர்கள் பைலட் பயிற்சியிலிருந்து விலக்கப்படுவார்கள். வேகமாக ஆள் தேவைப்பட்ட காலத்தில் இது கண்டிப்பாகத் தெரியலாம். ஆனா, இங்கே கண்டுபிடிக்காத தவறுக்கு, போர்க்களத்தில் கொடுக்கும் விலை உயிர்.

தேறியவர்கள் அம்பாலா போய், வேகமான ஹார்வர்ட் விமானத்தில் அடுத்தகட்டப் பயிற்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் பர்மா போர்முனை.

இப்போது?

விமானப்படையின் அடிப்படைப் பயிற்சி இன்றும் ஹைதராபாத் அருகே துண்டிகலில் நடக்கிறது. பறக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பள்ளி உண்டு. அது 1954 முதல் நம்ம தாம்பரத்தில் இருக்கிறது. அடுத்த முறை தஞ்சை வானத்தில் சுகோய் சீறினால், அதை ஓட்டுபவரும் ஒருநாள் ஆசிரியர் இல்லாமல் தனியாக மேலே ஏறியவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.