தூங்கவைக்கத் தூளி, தூங்கப் பாய்: மேற்குச் சென்னைப் புறநகரில் சிசுவின் உறக்கப் பாதுகாப்பு

முன்னுரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்களில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டுப் பொறுப்பு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துத் தாயும் சேயும் கணவன் வீட்டுக்குத் திரும்புவார்கள். இரவில் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்ட பாட்டியின் துணை அன்றோடு நின்றுவிடும். இனி ஒற்றை அறை போர்ஷன், ஷிப்டு முடிந்து வரும் கணவன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்டு அழும் குழந்தை.

காரணம் விளங்காமல் சிசு திடீரென இறப்பது, 'திடீர் சிசு மரணம்' என்று 1969இல் சியாட்டில் மருத்துவ மாநாடு வரையறுத்த நிகழ்வு, மிகுதியாக நேர்வது இரண்டு முதல் நான்கு மாத வயதில். பத்தில் ஒன்பது, ஆறு மாதத்துக்குள். ஆள்துணை குறையும் காலமும் ஆபத்து கூடும் காலமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே உறக்கப் பாதுகாப்பு அறிவுரை இந்தத் திரும்பும் நாளை மையமாகக் கொள்ள வேண்டும். தனிக் கட்டில் வாங்கு, தூளியைக் கைவிடு என்று தொடங்கும் அறிவுரை இங்கே பயன்படாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மல்லாக்கப் படுத்தலும் புரையேறும் அச்சமும்

ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லாத விதி ஒன்று உண்டு: குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். 1991இல் பிரிட்டனும் நியூசிலாந்தும், 1994இல் அமெரிக்காவும் இதை இயக்கமாக நடத்தின. அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்குள் திடீர் சிசு மரணம் பாதியாகக் குறைந்தது.

நம் வீடுகளில் இதற்கு எழும் மறுப்பு, மல்லாந்தால் பால் புரையேறும் என்பது. உடற்கூறு இதற்கு நேர்மாறானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைவதால், எதுக்களித்த பால் மூச்சுக்குழலுக்குள் செல்ல மேல்நோக்கி ஏறியாக வேண்டும். குப்புறக் கிடந்தால்தான் அதற்கு வழி எளிது. இறந்த சிசுவின் மூச்சுப்பாதையில் பால் இருப்பது மட்டும் புரையேறியதற்குச் சான்றாகாது. மரணத் தறுவாயிலோ அதன் பின்னரோ பால் அங்கே வரக்கூடும். 'பால் புரையேறி இறந்தது' என்று எளிதில் சொல்லிவிடும்போது, படுக்கையும் படுத்த நிலையும் விசாரிக்கப்படாமல் போகின்றன. பழி பால் கொடுத்தவள் மேல் விழுகிறது.

சேர்ந்து படுத்தல்

அருகில் படுக்கவைப்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கார்பென்டர் குழுவினர் (2013), பெற்றோர் புகைபிடிக்காத, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் முதல் மூன்று மாதங்களில் ஆபத்து கூடுவதாகக் கண்டனர். பிளேர் குழுவினர் (2014), சோபாவில் சேர்ந்து உறங்கினால் ஆபத்து ஏறத்தாழ 18 மடங்கு என்றும், மது அருந்தியவரோடு படுத்தாலும் அதே அளவு என்றும் காட்டினர்; இவையும் புகையும் இல்லாதபோது ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. பிரிட்டனின் பிராட்ஃபோர்டில் பாகிஸ்தானிய வழிக் குடும்பங்கள் குழந்தையோடு சேர்ந்து படுப்பவர்கள். ஆனாலும் அவர்களிடையே திடீர் சிசு மரணம் வெள்ளையரைவிடக் குறைவு. சோபாவில் உறங்குவதும், மதுவும் புகையும் அவர்களிடம் அரிது.

முரணை இங்கே தீர்த்துவிட முடியாது. ஆனால் இரு தரப்பும் ஏற்கும் ஆபத்துகளே நம் தாய்மாருக்குப் போதுமான வழிகாட்டி. குழந்தையைப் பெற்றோரின் அறையிலேயே குறைந்தது ஆறு மாதம் உறங்கவைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் (2022). போர்ஷன் வீட்டில் இது சொல்லாமலே நடக்கிறது. தரையில் விரித்த பாயில் உருண்டு விழ உயரமில்லை, சுவருக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கும் இடுக்கில்லை. தாய்க்கு அருகே தனி விரிப்பு, தலையணையும் கடுகுத் தலையணையும் இல்லாத இடம், குடித்தோ புகைத்தோ வந்தவர் மறுபக்கம் படுக்கும் ஏற்பாடு: இவ்வளவும் செலவில்லாதவை. கண் சொருகும் நேரத்தில் சோபாவில் சாய்ந்து பால் கொடுப்பதைவிடப் பாயில் படுத்துக் கொடுப்பது ஆபத்துக் குறைந்தது.

தூளி

தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை மார்பில் படிந்து, மூச்சுப்பாதை குறுக வாய்ப்புண்டு. துணி முகத்தை ஒட்டும். பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த சிசுப் படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டத்தால் தடுத்ததும் இதே காரணத்தால்தான். மூன்றாம் மாதத்துக்குப் பின் புரளத் தொடங்கும் குழந்தைக்குத் தூளி இன்னும் ஏற்றதல்ல.

ஆயினும் உலை வைக்கவும் குளிக்கவும் தாய்க்கு அரைமணி நேரம் தருவது தூளிதான். தடை சொன்னால் தாய் தலையாட்டிவிட்டு வீட்டில் தூளி கட்டுவாள். பெரியவர்கள் விழித்திருக்கையில் கண்பார்வையில் தூளி, அவர்கள் உறங்கும்போது பாய் என்ற வரையறையை அவளால் கடைப்பிடிக்க முடியும். பாய்க்கு மாற்றினால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் விதி இரவுக்கு மட்டுமாவது கட்டாயமாகட்டும் என்கிறேன்.

வழக்கத்தைத் திருத்தி ஏற்பதற்கு முன்னுதாரணம் உண்டு. நியூசிலாந்தில் 2006இல் மருத்துவர் டேவிட் டிப்பேனே-லீச் மாவோரி நெசவாளர்களோடு சேர்ந்து 'வாஹகுரா' என்னும் நார்க்கூடைப் படுக்கையை உருவாக்கினார்; குழந்தை பெற்றோரின் படுக்கையிலேயே தனக்கான இடத்தில் உறங்கும். இத்தகைய படுக்கைகளும் அறிவுரையும் பரவிய 2009–2015 காலத்தில் அங்கே முதல் வாரம் கடந்த சிசுக்களின் இறப்பு 29 விழுக்காடு குறைந்தது.

முடிவுரை

தமிழ்நாட்டில் இதற்குரிய கருவிகள் ஏற்கெனவே உள்ளன. அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்கு 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் அடங்கும். பயன்படுத்தும் முறையைப் படத்தோடு சேர்த்தால் அது உறக்கக் கல்வியாகும். மற்றொரு கருவி தடுப்பூசி நாள். பென்டாவேலன்ட் தடுப்பூசியின் மூன்றாம் தவணை 14ஆம் வாரத்தில் வருகிறது. தாய் ஊர் மாறும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஊரில் போட்டாலும் அம்பத்தூரில் போட்டாலும் கர்ப்பகாலத்தில் அரசிடம் பதிவுசெய்து பெற்ற பிக்மி எண் கூடவே வருகிறது. ஊசி போடும் செவிலியர், தந்தையும் உடனிருக்கையில், இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: இரவில் குழந்தை எங்கே படுக்கிறது, முறை மாற்றிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? இரண்டாம் கேள்விக்கு 'யாருமில்லை' என்பது பதிலானால், அதைத் தாயின் அலட்சியமாகக் கருதாமல் ஆபத்துக் காரணியாகப் பதிவுசெய்து, வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டியவர் பட்டியலில் அவளைச் சேர்ப்பதே பொதுச் சுகாதாரத்தின் கடமை.