பாஸ்புக்கில் இல்லாத ஐயாயிரம் கோடி



இந்த மலரில் நம்ம குழுக்கள் வளர்ந்த கதை, கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கிய கதை, பிள்ளைகளைப் படிக்க வைத்த கதை எல்லாம் நிறைய பேர் எழுதியிருப்பாங்க. நான் ஒரு பெரிய கம்பெனியின் வரலாற்றை எழுதுகிறேன். அது நமக்கு எதுக்கு என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். அந்தக் கம்பெனியைக் கவிழ்த்தது ஒரு பொய்க் கணக்கு. நாமும் கூட்டத்துக்குக் கூட்டம் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே.

கம்பெனியின் பெயர் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ். 1987-ல் ஐதராபாத்தில் ராமலிங்க ராஜு என்பவர் தொடங்கினார். வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுப்பது தொழில். இருபது வருஷத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கிற கம்பெனியாக வளர்ந்துவிட்டது. பங்கு என்றால், பொதுமக்கள் ஒரு கம்பெனியில் போடுகிற முதல். சத்யத்தின் பங்கு நம்ம நாட்டுச் சந்தையில் மட்டுமில்லை, 2001-லிருந்து அமெரிக்காவின் நியூயார்க் பங்குச் சந்தையிலும் விற்றது. 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் இந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். விருது வாங்கி நாலு மாதத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

முதல் விரிசல் 2008 டிசம்பர் 16-ல் விழுந்தது. மேடாஸ் என்ற பெயரில் இருந்த இரண்டு கம்பெனிகளைச் சத்யம் விலைக்கு வாங்கப் போகிறது என்று அறிவித்தார்கள். விலை 160 கோடி டாலர். அந்த இரண்டும் ராஜுவின் குடும்பத்துக் கம்பெனிகள். சத்யம் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேடாஸ் என்று வரும். பொதுமக்கள் போட்ட பணத்தை எடுத்துச் சொந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பதா என்று பங்கு வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். சில மணி நேரத்திலேயே அந்த முடிவைக் கைவிட வேண்டியதாகிவிட்டது.

2009 ஜனவரி 7-ம் தேதி ராஜுவே ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று இருக்கிறது, அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். நம்ம கணக்கில் சொன்னால், நூறு ரூபாய் இருக்கிறது என்று எழுதின இடத்தில் இருந்தது ஆறே ரூபாய். வராத வட்டியையும் வந்ததாக 376 கோடி எழுதியிருந்தார்கள். 2008 செப்டம்பரோடு முடிந்த மூன்று மாத லாபம் 649 கோடி என்று காட்டியிருந்தது, உண்மையில் 61 கோடிதான். முதல் நாள் 179 ரூபாய்க்கு விற்ற பங்கு, அன்று சாயங்காலம் 40 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கின குடும்பங்களுக்கு ஒரே நாளில் கை வெறுங்கையானது.

இவ்வளவு பெரிய பொய் ஒரே நாளில் எழுதியது இல்லை. லாபத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பங்கு விலை ஏறும் என்று ஆரம்பித்ததுதான். அடுத்த முறை அதைவிடக் கூடக் காட்ட வேண்டும், இல்லையென்றால் குறைந்துபோச்சு என்று கேள்வி வரும். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. புலி மேல் ஏறி உட்கார்ந்தவன் இறங்கினால் புலி தின்றுவிடும் என்று பயப்படுவது போல என் நிலைமை என்று அவரே அந்தக் கடிதத்தில் எழுதினார்.

செய்த விதம் பெரிய மந்திரம் இல்லை. செய்யாத வேலைக்கு பில் போட்டார்கள். பிறகு விசாரித்ததில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி பில்கள் அகப்பட்டன. பில் போட்டால் பணம் வந்திருக்க வேண்டுமே? அதற்கு வங்கிக் கணக்குத் தாளையே போலியாகத் தயாரித்தார்கள். வங்கியில் அவ்வளவு பணம் சும்மாவா கிடக்கும்? அதற்கு வைப்புத்தொகை ரசீதும் போலி. வைப்புத்தொகை இருந்தால் வட்டி வருமே? அதையும் வந்ததாக எழுதிக்கொண்டார்கள். ஒரு பொய்யை நிறுத்த இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது. மேடாஸை வாங்க நினைத்ததும் இதற்குத்தான். இல்லாத பணத்தைக் கொடுத்து அந்தக் கம்பெனிகளை வாங்கியதாக எழுதிவிட்டால், காணாத பணம் போய் அந்த இடத்தில் நிலமும் சொத்தும் வந்துவிடும். யாருக்கும் தெரியாமல் குழியை மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

இத்தனை வருஷம் யாரும் எப்படிக் கண்டுபிடிக்கவில்லை? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சத்யத்தின் நிர்வாகக் குழுவில் சாதாரண ஆட்கள் இல்லை. மத்திய அரசில் அமைச்சரவைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் இருந்தார். கணக்கைத் தணிக்கை செய்தது உலகம் முழுக்கப் பெயர் வாங்கின நிறுவனத்தின் இந்தியக் கிளை. எல்லாரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், ரசீதைப் பார்த்தார்கள், இரண்டும் பொருந்தியது. இரண்டையும் எழுதியது ஒரே கை என்றால் பொருந்தாமல் என்ன செய்யும்? வங்கிக்கு நேராகப் போய், இந்தக் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, வங்கி சொன்ன பதிலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். படித்தவர், பெரிய மனுஷர், தானதர்மம் செய்கிறவர், அவரிடம் போய் இதைக் கேட்பதா என்ற மரியாதைதான் அந்தப் பொய்க்கு வேலியாக நின்றது.

கடிதம் வந்த பிறகு மத்திய அரசு பழைய நிர்வாகக் குழுவைக் கலைத்தது. புதிய குழுவில் கிரண் கார்னிக், தீபக் பரேக் போன்றவர்களோடு, நம்ம சென்னையைச் சேர்ந்த தணிக்கையாளர் டி.என். மனோகரனும் இருந்தார். சம்பளம் கொடுக்கவே பணம் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில் வங்கிகளிடம் கடன் ஏற்பாடு செய்து, வேலை கொடுத்த வெளிநாட்டு நிறுவனங்களிடம் பேசி, கம்பெனியை மூடாமல் காப்பாற்றினார்கள். 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது.

இன்னொரு பக்கம் சி.பி.ஐ. விசாரணை நடந்தது. ராஜு குடும்பத்தோடு தொடர்புடைய 300-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரில் நிலம் வாங்கிப் போட்டிருந்தது தெரிய வந்தது. தப்பான வழியில் வந்த பணத்தைப் பல பெயர்களில் சுற்றவிட்டு நல்ல பணம் போல ஆக்குவதற்குத்தான் பணமோசடி என்று சட்டத்தில் பெயர். அதனால் அமலாக்கத் துறையும் வழக்குப் போட்டது. 2015 ஏப்ரல் 9-ல் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்லி 7 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்தது. அந்தப் பத்துப் பேரில் வெளித் தணிக்கையாளர்கள் இரண்டு பேர். கம்பெனியின் உள்தணிக்கைக்குத் தலைவராக இருந்தவரும் ஒருவர். மேல்முறையீடு செய்து அடுத்த மாதமே ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

இந்த விஷயத்துக்குப் பிறகு சட்டமும் மாறியது. 2013-ல் வந்த கம்பெனிகள் சட்டத்தில், ஒரே தணிக்கையாளரை வருஷக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, மாற்ற வேண்டும் என்று வைத்தார்கள். தவறைப் பார்த்துச் சொல்கிற ஊழியரைப் பழிவாங்காமல் பாதுகாக்க வேண்டும் என்று வைத்தார்கள். பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியின் நிர்வாகக் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் வந்தது.

சகோதரிகளே, இனி நம்ம விஷயத்துக்கு வருகிறேன். நம்மகிட்ட ஆயிரம் கோடி இல்லை. ஆனால் நம்ம சேமிப்பில் ஒவ்வொரு நூறு ரூபாயும் பூ கட்டி, களை எடுத்து, நூறு நாள் வேலைக்குப் போய் வந்தது. பெரிய கம்பெனி விழுந்தால் அரசாங்கம் ஓடி வரும். ஒரு குழு விழுந்தால் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரியாது, அந்தத் தெருவில் அப்புறம் குழு என்று பேச்சே எடுக்க முடியாது.

கூட்டத்தில் பாஸ்புக்கைக் காட்டுங்க அக்கா என்று கேட்டால், "என்னையே சந்தேகப்படுறியா?" என்று முகம் வாடிப்போவது பல குழுவில் நடக்கிறது. அதனாலேயே பல பேர் வாயைத் திறப்பதில்லை. ஊக்குநர் நல்லவர் என்றால் சரிபார்ப்பதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளைக்கு யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் அவருக்குக் காவலாக நிற்பதும் அந்தச் சரிபார்ப்புதான். யாரோ ஒருத்தர் எழுந்து கேட்கிற மாதிரி விட்டால்தான் அது சண்டையாகிறது. எல்லாக் கூட்டத்திலும், எல்லாருக்கும், ஒரே மாதிரி நடந்தால் அது வழக்கமாகிவிடும்.

அதனால் கூட்டமைப்புக்கு நான் சொல்கிற யோசனை இதுதான். கணக்கு எழுதுகிறவர் வேறு, வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டு வருகிறவர் வேறாக இருக்கட்டும். அந்த வேலைக்கு மாதம் இரண்டு பேர் முறை வைத்துப் போகட்டும். எழுதத் தெரியாத உறுப்பினரும் போகட்டும். எண் தெரிந்தால் போதும். வந்ததும் பாஸ்புக் இருப்பையும் புத்தக இருப்பையும் சத்தமாகப் படிக்கட்டும். வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். கையிருப்பு ரொக்கத்தை எல்லார் முன்னாலும் எண்ணட்டும். வெற்றுக் காசோலையில் எவ்வளவு அவசரம் என்றாலும் கையெழுத்துப் போடக் கூடாது. பொறுப்பாளரின் சொந்தக்காரருக்குக் கடன் என்றால், அந்தப் பேச்சு முடியும் வரை பொறுப்பாளர் வெளியே உட்காரட்டும். சத்யத்தில் மேடாஸ் விஷயம் எப்படி வந்தது என்று பார்த்தோமே.

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. கூட்டத்துக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும். மலர் வெளியீட்டு விழா முடிந்து வருகிற முதல் கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானமாகப் போட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.