டாஃபடில்: வங்கியாளரும் பாதிரியாரும் வளர்த்தெடுத்த பூ

நம்மில் பலருக்கு டாஃபடில் என்பது வேர்ட்ஸ்வொர்த்தின் பூ. 1802 ஏப்ரல் 15 அன்று உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவரும் தங்கை டாரதியும் கண்டவை காட்டு டாஃபடில்கள். உருவில் சிறியவை, வெளிறிய இதழ்களுக்கு நடுவே அடர்மஞ்சள் குழல் கொண்டவை. இன்று ஆங்கிலேய வீட்டுத் தோட்டங்களில் பூப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்தப் பூ அல்ல. வெண்மை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்ட வகைகள் பெயரிடப்பட்டுப் பதிவாகியுள்ளன. இத்தனையும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், தாவரவியல் பூங்காக்களைவிட வீட்டுக் கொல்லைகளே அதிகம் எதிர்ப்படுகின்றன.

ஜான் பார்க்கின்சன் 1629இல் வெளியிட்ட தோட்ட நூலில் நூற்றுக்கு நெருக்கமான டாஃபடில் வகைகளை வருணித்திருந்தார். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் மோகம் டூலிப், ஹையசிந்த் ஆகியவற்றின்மீது திரும்பிவிட, டாஃபடில் குடிசைத் தோட்டங்களின் மூலைக்கு ஒதுங்கியது.

அதை மீண்டும் பேசவைத்தவர் ஒரு மதகுரு. மான்செஸ்டர் டீன் பதவியில் இருந்த வில்லியம் ஹெர்பர்ட், தனி இனங்கள் என்று தாவரவியலார் பட்டியலிட்டிருந்த சில டாஃபடில்கள் உண்மையில் கலப்பினங்களே என்று ஐயுற்றார். ஐயத்தோடு நிற்காமல், குழல்மலர் டாஃபடிலையும் 'கவிஞரின் நார்சிசஸ்' எனப்படும் வெண்மலரையும் தாமே கலந்து, 'இன்கம்பேரபிலிஸ்' என்ற அந்த 'இனத்தை' விதையிலிருந்து வளர்த்துக் காட்டினார். டார்வின் தம் நூலில் அவரை மதிப்போடு குறிப்பிடுவது தற்செயல் அன்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1843இல் ஹெர்பர்ட் விடுத்த அழைப்பு. சிறு தோட்டமோ ஜன்னல் விளிம்போ உள்ள எந்தத் தொழிலாளியும் இப்பணியைச் செய்யலாம் என்று அவர் எழுதினார். அறிவியலைப் பிரபுக்களின் கண்ணாடி இல்லங்களிலிருந்து வெளியே கொண்டுவரும் குரல் அது.

அழைப்பை ஏற்றவர்களுள் இருவர் தனித்து நிற்கிறார்கள். ஒருவர் டர்ஹாம் பகுதியின் வங்கியாளர் வில்லியம் பேக்ஹவுஸ். மற்றவர் மான்செஸ்டரின் பங்குத் தரகர் எட்வர்ட் லீட்ஸ். பகலெல்லாம் கணக்குப் புத்தகம், ஓய்வு நேரத்தில் மகரந்தத் தூரிகை. மலர் தன் மகரந்தத்தையே ஏற்றுவிடாதபடி மகரந்தப் பைகளை முன்னதாகவே கிள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு வேறொரு மலரின் தூளைச் சூல்முடியில் தடவ வேண்டும். விதை முற்றியதும் விதைத்தால், முதலாண்டில் எழுவது புல் போன்ற ஓர் ஒற்றை இலை மட்டுமே. முதல் பூவைக் காண ஐந்தாண்டுகள்கூட ஆகலாம். கண்டபின் அது தேறாத பூவாகவும் இருக்கலாம். தேறிய பூவையும் உடனே பெருக்கிவிட முடியாது. தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் சேய்க்கிழங்குகளைப் பிரித்து நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த மந்தகதிதான் பின்னாளில் விலைகளை ஏற்றியது.

1874இல் லீட்ஸின் சேகரிப்பு விற்பனைக்கு வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள். கேட்ட விலை நூறு பவுண்டு. அந்த விலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அத்தனையையும் அழித்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை என்பார்கள். வீம்பா வேதனையா என்று பிரித்தறிவது கடினம். சிலரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அதை வாங்கியவர் லண்டன் விதை வணிகர் பீட்டர் பார். பேக்ஹவுஸ் வளர்த்தவையும் அவரிடமே சேர்ந்தன. பார்க்கின்சன் வருணித்துப் பின் தொலைந்துபோன வகைகளைத் தேடி ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் மலை ஏறியவர் அவர். வெறும் வணிகர் என்று அவரை ஒதுக்குவது நியாயமாகாது. ஆயினும் 'டாஃபடில் மன்னர்' என்ற பட்டம் அவருக்கே போனது. பேக்ஹவுஸ் உருவாக்கிய ஒரு சிறந்த மலர் 'பேரியி கான்ஸ்பிகுவஸ்' என்று பாரின் பெயரைத் தாங்கிப் புகழ்பெற்றது. லண்டனில் 1884இல் டாஃபடில் மாநாடு கூடியபோது லீட்ஸும் இல்லை, பேக்ஹவுஸும் இல்லை; இருவரும் இறந்திருந்தார்கள்.

அடுத்த தலைமுறையில் 'பீட்டர் பார்' என்றே பெயரிடப்பட்ட வெண்ணிற டாஃபடிலின் ஒரு கிழங்கு ஐம்பது பவுண்டுக்கு விற்றது. லீட்ஸின் வாழ்நாள் உழைப்பில் பாதி, ஒரே கிழங்கின் விலை! ஹெர்பர்ட் அழைத்த தொழிலாளியின் ஜன்னல் விளிம்புக்கு அது வந்திருக்க வழியில்லை.

பேக்ஹவுஸின் மருமகள் சாரா ஹியர்ஃபோர்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1921இல் அவர் இறந்த பிறகு விற்பனைக்கு வந்த ஒரு டாஃபடிலின் குழல் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்நிறத்தில் முதலில் புகழ்பெற்ற தோட்ட வகை அதுவே. அதற்கு அவர் பெயரையே இட்டார்கள், அன்றைய ஆங்கிலேய முறைப்படி: 'மிஸஸ் ஆர். ஓ. பேக்ஹவுஸ்'. ஆர். ஓ. என்பவை கணவரின் முதலெழுத்துகள். அக்கிழங்கு இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது, சாரா என்ற சொல் எங்கும் இல்லாமல்.