கோப்பிக்கடைத் தட்டில் ஒரு வரலாறு

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பழைய கோப்பிக்கடை ஒன்றினுள் காலை வேளையில் நுழைந்தால், மேசைமீது மூன்று பண்டங்கள் சேர்ந்து வரக் காண்கிறோம். கனத்த பீங்கான் கோப்பையில் கோப்பி. நெருப்பில் வாட்டிக் காயாவும் வெண்ணெயும் வைத்த ரொட்டி. அரைவேக்காட்டு முட்டை இரண்டு. இம்மூன்றும் எவ்வாறு ஒன்று கூடின? நாவுக்குப் பிடித்தது, கூடிவிட்டன என்றால் அது பாதி விடைதான்.

முதலில் கோப்பியைப் பார்ப்போம். 1869இல் இலங்கைத் தோட்டங்களில் கோப்பிச் செடியின் இலைத்துரு நோய் காணப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே கோப்பி அழிந்து தேயிலை வந்தது. இலங்கையில் அனுபவம் பெற்ற துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் முதலிய பகுதிகளில் லைபீரியக் கோப்பியைப் பயிரிட்டனர். காட்டை வெட்டிக் கன்று நட்டதிலும் பழம் பறித்ததிலும் நம் தமிழ்த் தொழிலாளர் பங்கு பெரிது. ரப்பர்தான் நம்மவரை இங்கே கொண்டுவந்தது என்று பலர் எண்ணுகிறோம். அதற்கு முன்பே கரும்புக்கும் கோப்பிக்கும் வந்தவர்கள் உண்டு. 1890களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டுக் கோப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின.

ஆயினும் கோப்பி குடிக்கும் வழக்கம் மறையவில்லை. கடைகளுக்குக் கிடைத்தவை விலை குறைந்த ரொபஸ்டா, லைபீரியக் கொட்டைகள். கசப்பு மிகுந்தவை, சற்று முரடான சுவை. வறுப்பவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தார்கள். சீனி கருகிக் கொட்டையின்மேல் படிந்ததும் முரட்டுத்தன்மை அடங்கியது. நிறமும் மணமும் கூடின. நீண்ட துணிப்பையில் வடித்த அந்தச் சாற்றில் டின்பால் ஊற்றினார்கள். பசும்பால் இவ்வெப்ப நாட்டில் விரைவில் கெட்டுவிடும். டின்பால் கெடாது, இனிப்பையும் உடன் கொண்டுவரும்.

இக்கடைகளை நடத்தியவர்களுள் ஹைனான் தீவினர் முக்கியமானவர்கள். சீனாவின் தென்கோடியிலுள்ள அத்தீவிலிருந்து அவர்கள் பெருமளவில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்குள் ஹொக்கியரும் தியோச்சியரும் கந்தோனியரும் வணிகத் துறைகளில் வேரூன்றிவிட்டனர். பிந்தி வந்தவர்க்கு எஞ்சியது என்ன? வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறை, கப்பல் அடுக்களை, உணவு விடுதி ஆகியவைதான். பிறர் விரும்பாத அந்த வேலையில் அவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். துரை காலையில் என்ன உண்கிறார், ரொட்டி எவ்வளவு சிவக்க வேண்டும், முட்டை எத்தனை நிமிடம் வெந்நீரில் கிடக்க வேண்டும் என்பதே அது.

1930களின் பொருளாதார மந்தத்தில் பல வீடுகளில் சமையலாளுக்கு வேலை போயிற்று. கடைகளின் வாடகையும் இறங்கியது. சிறு சேமிப்போடு ஹைனானியர் பலர் கோப்பிக்கடை திறந்தனர். இதற்கு முன்பும் சில கடைகள் இருந்தன. சிங்கப்பூர்க் கில்லினி சாலையில் 1919இலேயே ஒன்று தோன்றியது. கோலாலம்பூரின் யுட் கீ 1928இல் தோன்றியது.

மேசைக்குப் பின்னால் கைகட்டி நின்றவர், துரையின் தட்டைத் தம் கடையில் மாற்றி அமைத்தார். ஆங்கிலேயரின் ஜாமுக்குப் பதிலாகக் காயா வந்தது. ஹைனானியரே காயாவைப் படைத்தனர் என்று சொல்வாருண்டு. அதை நாம் அப்படியே ஏற்கவில்லை. தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்ந்த ஸ்ரீகாயா மலாய் வீடுகளிலும் நியோன்யா வீடுகளிலும் வழங்குவதுதான். சீனியைக் கருக்கிப் பழுப்பு நிறம் ஆக்கியது ஹைனானியர் கைப்பாகம் எனலாம். முட்டைக்கு உப்பும் மிளகும் என்ற ஆங்கில முறை போய், கிச்சாப்பும் வெள்ளை மிளகுத்தூளும் வந்தன.

இப்பொழுது சுவையைக் கவனிப்போம். காயா திகட்டும் இனிப்பு. கசப்பான கோப்பி ஒரு மிடறு உள்ளே போனதும் திகட்டல் நீங்கி, அடுத்த கடிக்கு நா தயாராகிறது. வெண்ணெயின் கொழுப்பும் முட்டையின் மஞ்சட்கருவும் கோப்பியின் கடுமையை மழுக்குகின்றன. வெண்ணெயிலும் கிச்சாப்பிலும் உள்ள உப்பு கசப்பைத் தணிக்கிறது. நல்ல உயர்ந்த அராபிகாக் கோப்பியை இந்தத் தட்டோடு வைத்துப் பாருங்கள். அதன் மெல்லிய மணம் காயாவின் முன் காணாமற் போய்விடும். மலிவான கொட்டைக்கே இந்தத் துணை பொருந்தியது. வறுமை தேர்ந்த பொருத்தம் என்றாலும் குறையில்லாத பொருத்தம்.

நம் வீடுகளில் வேறு விதம். இட்டிலி, சட்டினி, உறைப்பான சாம்பார், பிறகு பசும்பால் கலந்த கோப்பி. உறைப்பையும் புளிப்பையும் பாலும் சீனியும் ஆற்றும். இங்கே கோப்பி இறுதியில் வருகிறது; ஹைனானியர் கடையிலோ ரொட்டியோடு ஊடே ஊடே வருகிறது. நம்மிலும் பலர் பின்னையதற்குப் பழகிவிட்டோம். வாட்டிய ரொட்டியைக் கோப்பியில் தோய்த்து உண்ணாத தோட்டப் பிள்ளைகள் குறைவு. மிதிவண்டியில் மணியடித்து வந்த ரொட்டிக்காரருள் நம் இந்திய முஸ்லிம்கள் பலர் இருந்தனர்.

கடையில் கேட்கும் மொழியும் கலப்பே. கோப்பி மலாய்ச் சொல், தியாம் ஹொக்கியச் சொல். பால் வேண்டாதவர் கேட்கும் கோப்பி ஓவில் 'ஓ' ஹொக்கியரின் கறுப்பு. பாலும் சீனியும் வேண்டாதவர் கேட்கும் 'கோசோங்' மலாய்க்காரரின் வெறுமை. தமிழர் ஒருவர் இவ்விரு மொழியும் கலந்து கேட்க, ஹைனானியர் ஒருவர் மறுமொழி பேசாமல் ஊற்றிக் கொடுப்பார். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், அன்று காலியான பால் டின்னில் ஊற்றி, மூடியில் துளையிட்டுச் சணல் கயிறு கட்டித் தொங்கவிட்டுத் தருவது முன்பு வழக்கம். பிளாஸ்டிக் பை வந்தபின் அந்த டின்கள் போயின.