படி ஏறினோம், கடை போட்டோமா?

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்கள் நிரம்பி வழியும். ஆந்திரப் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். மலையடிவாரம் முழுக்கப் பூ, காவடி, பொரி, வளையல், பொம்மை, சாப்பாட்டுக் கடைகள். சரக்கு தருகிற மொத்த வியாபாரி அறிமுகமாவதும், கடன் சொல்லிச் சரக்கு எடுப்பதும், அடுத்த வருஷத்துக்கு இடம் பேசி வைப்பதும் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான். நகரத்து ஹோட்டல்களில் 'பிசினஸ் மீட்' என்று நடத்துகிறார்களே, அதற்கு ரொம்ப காலம் முன்பே நம் ஊர்களில் இருந்த வடிவம் இது.

ஆகவே, திருவிழாவில் யாருக்கு எந்த இடம் என்பது சாமி கும்பிடுகிற பிரச்சினை மட்டுமல்ல, சோற்றுப் பிரச்சினையும்கூட.

திருத்தணி என்றதும் பாடப்புத்தகம் நமக்குச் சொல்வது எல்லைப் போராட்டம். சித்தூர் மாவட்டத்தோடு 1953இல் ஆந்திரத்துக்குப் போன ஊர், ம.பொ.சி. உள்ளிட்டோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாநில எல்லை இரண்டு முறை நகர்ந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த எல்லையைப் பற்றி அந்த வரலாறு பேசுவதில்லை.

குறவர் குலத்து வள்ளியை முருகன் மணந்த தலம் என்று இந்த ஊரைக் கொண்டாடுகிறார்கள். அதே முருகனின் கோயில்கள் உட்பட, சென்னை மாகாணக் கோயில்கள் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழையும் உரிமையை உறுதிசெய்ய 1947இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. திருத்தணி அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

நம் முன்னோர் கோயில் கதவை மட்டும் தட்டவில்லை என்பதைத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் பாருங்கள். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக்காரியம் நடக்கும் கட்டடம், மக்கள் கூடும் இடம் என்று வரிசையாகக் கேட்டார். தெருவில் நடக்க முடியாதவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே போய் விற்பான்? அந்தத் தீர்மானத்துக்குள் நடைபாதையும் பிழைப்பும் ஒன்றாகவே இருந்தன.

அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போய் வளர்ந்தவர்களும் உண்டு. சென்னையில் 1858இல் பிறந்த பெ.மா. மதுரைப் பிள்ளை ரங்கூனில் கப்பல் தொழிலில் பெரும் செல்வந்தரானார். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த வள்ளல் என்று பெயர் பெற்றார். நமக்கு வியாபாரம் தெரியாது என்று சொல்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். இல்லாமல் போனது திறமை அல்ல, சந்தையில் இடம்.

சட்டமும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கிறது. தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுப்பதையும் ஊர்வலத்தில் பங்கேற்பதைத் தடுப்பதையும் ஒரே பிரிவில் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. திருவிழா ஊர்வலத்தைத் தடுத்தாலும், கடைக்குள் நுழைவதைத் தடுத்தாலும், வியாபாரம் செய்வதைத் தடுத்தாலும், பொருளாதாரப் புறக்கணிப்பு செய்தாலும் அது வன்கொடுமை. மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவு 3(1).

2005இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கினார். தலித் தொழில்முனைவோருக்கென்றே வர்த்தகக் கண்காட்சிகள் நடந்தன. 2012இல் மத்திய அரசின் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த இலக்கு எட்டாமலே ஆண்டுகள் ஓடின. 'தலித் கோடீஸ்வரர்' என்ற பேச்சையே கோபால் குரு போன்ற அறிஞர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். நான்கு பேர் பணக்காரர் ஆவதால் சாதி ஒழியாது என்பது உண்மை. ஆனால் நாற்பது பெண்களுக்குத் திருவிழாவில் பூக்கடை கிடைப்பதைக் கோடீஸ்வரக் கனவு என்று யாரும் சொல்ல முடியாது.

திருவிழா என்றாலே ஆதிகாலத்தது, மாற்ற முடியாது என்பார்கள். திருத்தணியில் டிசம்பர் 31 இரவு நடக்கும் திருப்படி விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை மாற்ற, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது அது. ஒரு நோக்கத்துக்காக மனிதர்கள் உண்டாக்கிய விழா. நாமும் உண்டாக்கியிருக்கிறோம். ஏப்ரல் 14 நம் தெருக்களில் திருவிழா. ஏப்ரல் முழுவதும் தலித் வரலாற்று மாதம். சென்னையில் 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்திலேயே பறைக்கு மேடை போட்டது. இந்த மேடைகளைச் சுற்றி நம் புத்தகக் கடையும், சாப்பாட்டுக் கடையும், தையல் கடையும் நிற்க வேண்டும்.

அடுத்த கிருத்திகைக்கு மலையடிவாரம் போகிறவர்கள் மூன்று கேள்விகளோடு போங்கள். கடை ஏலம் எப்போது, எங்கே அறிவிக்கப்பட்டது? முன்பணம் எவ்வளவு, நம் தெருவில் யாரால் அதைக் கட்ட முடியும்? விழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் அத்தனை குப்பையையும் அள்ளுகிற கைகள் யாருடையவை? முதல் இரண்டுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். மூன்றாவதற்கு மனு தேவையில்லை, விடியும்வரை இருந்து பார்த்தால் போதும்.

ஜெய் பீம்.